மருந்தும் வேண்டும், உணவும் வேண்டும்!

கவனக்குறைவுக்கு மருந்துண்ணும் பிள்ளைகளின் உடல் இளைக்காமல் காப்பது எவ்வாறு?

"ஓரிடத்தில் உட்காருவதில்லை, எழுதத் தொடங்கியதை முடிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை." பள்ளி ஆசிரியரும் மதரஸா உஸ்தாதும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒரே குறையைச் சொல்லும்பொழுது, முன்பெல்லாம் அதைக் குறும்பு என்றும் சோம்பல் என்றும் நாம் எண்ணிக்கொண்டோம். அடித்துத் திருத்த முயன்றவர்கள் உண்டு. கண்ணேறு என்று ஓதிப் பார்த்தவர்களும் உண்டு. மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு மாறுபாடே இதற்குக் காரணம் என்பதை மருத்துவ உலகம் இன்று தெளிவாகச் சொல்கின்றது. கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்துகளால் சுருக்கமாக ஏ.டி.ஹெச்.டி. என்பர். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. எனவே, இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. நம் தெருவிலும் உள்ள செய்திதான்.

இதற்கு மருந்து இருக்கின்றது. தக்க மருத்துவரின் மேற்பார்வையில் கொடுத்தால் பலரிடம் நல்ல பலனையும் காண முடிகின்றது. பிள்ளை உட்கார்ந்து படிக்கிறான், எழுத்து சீராகிறது, ஆசிரியரின் புகார் குறைகிறது. ஆனால், தாயின் கண்ணில் வேறொன்று படுகின்றது. காலையில் கட்டிக் கொடுத்த சோறு மாலையில் அப்படியே திரும்பி வருகின்றது. சட்டை தளர்கின்றது. பெருநாளைக்கு ஊருக்கு வந்த உறவினர்கள், "பிள்ளை ஏன் இப்படி இளைத்துவிட்டான்?" என்று கேட்கிறார்கள். உம்மும்மாவோ, "அந்த மாத்திரையை முதலில் நிறுத்து!" என்கிறார்.

"கொடுத்தால் உடம்பு போகிறது, நிறுத்தினால் படிப்பு போகிறது" என்று இரண்டுக்கும் நடுவே தவிக்கும் தாய்மார்கள் பலர். மருத்துவரிடம் சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுவோரும், ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் விடுவோரும் உண்டு. உண்மையில் இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மருந்து வேலை செய்யும் முறையை அறிந்து, அதற்கேற்ப உணவு வேளையை மாற்றிக்கொண்டால் இரண்டையும் காத்துக்கொள்ளலாம்.

பசி எங்கே போகின்றது?

இக்குறைபாட்டுக்கு இந்தியாவில் பெரிதும் வழங்கப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று மீதைல்ஃபெனிடேட், மற்றொன்று ஆட்டமாக்ஸெடின். முன்னது ஊக்கி வகையைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் 1944இல் முதன்முதலாக ஆக்கப்பட்டு, 1954இல் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னது ஊக்கி வகையைச் சாராதது. 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மேலை நாடுகளில் ஆம்ஃபிட்டமின் என்னும் வேறொரு ஊக்கி வகையும் வழங்கப்படுகின்றது. சார்லஸ் பிராட்லி என்னும் அமெரிக்க மருத்துவர் 1937இல் இவ்வகை மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்களது படிப்பு மேம்பட்டதைக் கண்டு எழுதினார். இத்துறையில் மருந்துச் சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

அதே ஆம்ஃபிட்டமின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடல் இளைக்கும் மருந்தாகவும் அமெரிக்காவில் விற்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அப்படியானால், பசி குறைவது பிள்ளையின் பிடிவாதத்தால் விளைவதன்று. மருந்தின் இயல்பிலேயே அது இருக்கின்றது. மூளையில் டோபமின், நார்எபிநெஃப்ரின் என்னும் இரு வேதிப்பொருள்களின் செயலை இம்மருந்துகள் கூட்டுகின்றன. கவனத்தை நிலைநிறுத்த உதவும் அதே பொருள்கள் பசி உணர்வையும் மட்டுப்படுத்துகின்றன. வயிறு காலியாக இருக்கும். ஆனால், "பசிக்கிறது" என்ற செய்தி பிள்ளைக்கு எட்டாது. "எனக்குப் பசிக்கவில்லை" என்று அவன் சொல்வது பொய்யன்று.

ஆயினும் இந்த நிலை நாள் முழுவதும் நீடிப்பதில்லை. குறுகிய நேர மாத்திரை மூன்று முதல் நான்கு மணி நேரம் வேலை செய்யும். நீண்ட நேர மாத்திரை, அதன் வகைக்கேற்ப எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை செய்யும். காலையில் கொடுத்த நீண்ட நேர மாத்திரையால் மதிய உணவின்போது பசி மிகவும் குறைந்திருக்கும். மருந்தின் வேகம் தணிந்ததும் மாலையிலோ இரவிலோ அடக்கிவைத்த பசியெல்லாம் சேர்ந்து எழும். ஆட்டமாக்ஸெடினும் பசியைக் குறைக்கக்கூடியதே. ஆனால், அது நாள் முழுவதும் உடலில் சீராக வேலை செய்வதால், இவ்வாறு நேரம் பார்த்துப் பசி எழுவது குறைவு.

எடையும் உயரமும்

6 வயதிலிருந்து 10 வயது வரையுள்ள பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ எடையும், 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரமும் கூட வேண்டும். ஆகவே, "எடை குறையவில்லையே, அப்படியேதான் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்வதும் சரியன்று. வளர வேண்டிய பிள்ளையின் எடை ஆறு மாதம் அசையாமல் நின்றால் அதுவும் இழப்பே. 25 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு கிலோ இழப்பது, 60 கிலோ எடையுள்ள பெரியவர் 2.4 கிலோ இழப்பதற்குச் சமம்.

அமெரிக்காவில் 579 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அப்பிள்ளைகளை மேலும் தொடர்ந்து கவனித்தவர்கள் 2007இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். மூன்றாண்டு முடிவில், புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து உண்ட பிள்ளைகள், மருந்து உண்ணாத பிள்ளைகளைவிடச் சராசரியாக 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் குறைந்திருந்தனர். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அலட்சியம் செய்யவும் கூடாது. அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

பிரிட்டனில் 2018இல் வெளியான மருத்துவ வழிகாட்டி நெறி, 10 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளின் எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அளக்கச் சொல்கின்றது. நம் நாட்டில் 5 முதல் 18 வயது வரையுள்ளோருக்கான வளர்ச்சி வரைபடத்தை இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் புதுப்பித்து வெளியிட்டுள்ளது. மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடையையும் உயரத்தையும் அந்த வரைபடத்தில் குறித்துத் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் மாதம் ஒரு முறை, ஒரே எடைக்கருவியில், ஒரே வகை உடையில், காலை வேளையில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பது கவலையைக் கூட்டுமேயன்றிப் பயன் தராது.

காலையும் இரவும் நம் கையில்

நடுப்பகலில் பசி இராது என்பது தெரிந்துவிட்டது. எனவே, நாளின் இரு முனைகளையும் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் விதி: உணவு முன்னே, மாத்திரை பின்னே. எழுந்தவுடன் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அரைமணி கழித்து இட்லியை வைத்தால், அதற்குள் பசி போயிருக்கும். வயிறு நிறையக் காலை உணவு உண்ட பின்னரோ உணவோடு சேர்த்தோ மாத்திரையைக் கொடுங்கள்.

நம் ஊர்களில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் ஃபஜ்ருக்குப் பின் மக்தப் சென்று, ஓதி முடித்து வந்து, அவசரமாக எதையோ விழுங்கிப் பள்ளி வண்டியைப் பிடிப்பார்கள். அங்கும் கவனம் வேண்டுமே என்று எண்ணி மக்தபுக்கு முன்பே மாத்திரையைக் கொடுத்தால், திரும்பி வரும்போது காலை உணவு வீணாகும். இதற்கு வழி இரண்டு. மக்தபுக்குமுன் ஒரு குவளை பாலும் பழமும் கொடுத்து அனுப்பி, வந்த பின் முழு உணவும் அதன் பின் மாத்திரையும் கொடுக்கலாம். அல்லது சற்று முன்னதாக எழுப்பி, முழு உணவையும் மாத்திரையையும் கொடுத்து அனுப்பலாம். எதைத் தேர்ந்தாலும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேர மாத்திரையை மிகத் தாமதமாகக் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும்.

மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் சிற்றுண்டி, இரவு உணவு, படுக்கும் முன் மீண்டும் ஏதேனும் ஒன்று. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை, "உம்மா, பசிக்கிறது" என்று வந்து நின்றால், "சோறு வைத்தபோது உண்ணாமல் இப்போது என்ன?" என்று கேட்காதீர்கள். அவனது உடல் அந்த நாளின் கணக்கை அப்போதுதான் தீர்க்க முயல்கிறது. அடுப்படியில் அவனுக்கென்று ஒரு பங்கு எப்போதும் இருக்கட்டும்.

சிறு கவளம், பெருஞ்சத்து

குறைவாக உண்ணும் பிள்ளைக்குத் தட்டு நிறையச் சோறு வைப்பதைவிட, உண்ணும் சிறு அளவையே சத்து மிக்கதாக ஆக்குவது அறிவுடைமை. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்போ 9 கலோரி தரும். ஒரு தேக்கரண்டி நெய் ஏறத்தாழ 45 கலோரி. தோசையில், பருப்புச் சோற்றில், இடியாப்பத்தில் அதைச் சேர்த்தால் உணவின் அளவு கூடாது, ஆற்றல் கூடும்.

100 கிராம் நிலக்கடலை 560 கலோரிக்கு மேலும், ஏறத்தாழ 25 கிராம் புரதமும் தருகின்றது. ஒரு முட்டையில் 70 கலோரியும் 6 கிராம் புரதமும் உண்டு. 100 கிராம் பேரீச்சம்பழம் 280 கலோரி தரும். ஆகவே கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொட்டுக்கடலை உருண்டை, பேரீச்சம்பழத்தோடு முந்திரி ஆகியவை மெலிந்த பிள்ளைக்குக் கடையில் விற்கும் வறுவல் பொட்டலங்களைவிட எவ்வளவோ மேலானவை. நம் வீடுகளில் முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கூட்டிச் செய்யும் வட்டலப்பம் பெருநாளைக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது? வாரம் ஒரு முறை மாலையில் சிறு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள்.

மெல்ல மனமில்லாத பிள்ளையும் குடிப்பதற்கு இசைவான். ஒரு குவளை பாலில் ஒரு வாழைப்பழத்தையும் இரண்டு தேக்கரண்டி வறுத்த கடலை மாவையும் அடித்துக் கொடுத்தால், ஏறத்தாழ 270 கலோரி உள்ளே போகும். கேழ்வரகுக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, கறியும் பருப்பும் சேர்த்துக் கரைய வேகவைத்த கஞ்சி ஆகியவையும் நல்லவை. உணவுக்குச் சற்று முன்னர் வயிறு நிறையத் தண்ணீர் கொடுப்பதையும், நேரங்கெட்ட நேரத்தில் தேநீர் கொடுப்பதையும் தவிருங்கள். தேநீரும் பசியைக் குறைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பெட்டியில் ஆணம் ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டாம். பசியில்லாத வேளையில் அதன் மணமே குமட்டலைத் தரும். இரண்டு மூன்று வாயில் முடியும் உலர்ந்த பண்டங்களை வையுங்கள்: முட்டை அடைத்த சிறு சப்பாத்திச் சுருள், பணியாரம், வேகவைத்த கடலை, பேரீச்சம்பழம். பசி வராவிட்டாலும் மணி அடித்ததும் இரண்டு வாய் உண்ண வேண்டும் என்று பழக்குங்கள். தண்ணீர் குடிக்கவும் இப்பிள்ளைகள் மறப்பார்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி நினைவூட்டச் செய்யுங்கள்.

உணவு வேளை போர்க்களம் ஆகலாமா?

இளைத்த பிள்ளையைக் கண்டு தாய் அழுவதும், மிரட்டுவதும், வாயில் திணிப்பதும் இயற்கை. ஆனால், அதன் விளைவு நேர்மாறானது. திணிக்கப்பட்ட பிள்ளைக்கு உணவின் மீதே வெறுப்பு வளரும். பின்னர் பசி இருக்கும் வேளையிலும் உண்ணான். எந்த உணவை எப்போது வைப்பது என்பது தாயின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளைக்கே விடுங்கள். ஒரே தஸ்தரில் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து உண்ணுங்கள். அவனது தட்டையே உற்றுப் பார்க்காதீர்கள். "தம்பியைப் பார், எப்படிச் சாப்பிடுகிறான்!" என்ற ஒப்பீடு அறவே வேண்டாம். "எலும்பும் தோலுமாக இருக்கிறாயே" என்று விருந்தினர் முன்னிலையில் சொல்வது அந்த இளம் நெஞ்சில் ஆறாத வடுவாகும்.

ரமளான் மாதத்தில்

பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஆர்வத்தால் நோன்பு பிடிக்க விரும்பும் பிள்ளைகளை வீட்டார் ஊக்குவிப்பார்கள். ஏற்கெனவே எடை குறைந்துள்ள பிள்ளையிடம் இந்த ஊக்கத்தை அளவோடு வைத்துக்கொள்வதே நல்லது. பருவம் எய்தியவர்களுக்கும், நோயுற்றோர் வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 184, 185ஆம் வசனங்கள் வழங்குகின்றன. இச்சலுகை தமக்குப் பொருந்துமா என்பதை முதலில் மருத்துவரிடமும், பின்னர் ஆலிமிடமும் கேட்டுத் தெளிய வேண்டும்.

நோன்பு நோற்கலாம் என்று மருத்துவர் இசைந்தால், ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மாத்திரையின் நேரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். நண்பகலில் இரண்டாம் வேளை மாத்திரை உண்போர் அதை நோன்பில் உண்ண இயலாது. நீண்ட நேர மாத்திரைக்கு மாற வேண்டியிருக்கலாம். அதை இஃப்தாருக்குப் பின் உண்டால் இரவெல்லாம் விழிப்பார்கள். எனவே சஹர் வேளையே பெரும்பாலும் பொருந்தும். சஹரிலும் உணவு முதலில், மாத்திரை இறுதியில் என்ற விதி மாறாது. தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். இஃப்தாரில் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் நல்ல தொடக்கம். ஆனால், வாடாவோடும் சம்சாவோடும் நின்றுவிடாமல், தராவீஹுக்குப் பின் ஒரு முழு உணவு தவறாமல் இருக்கட்டும். நோன்பு நாளில் மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ ஏற்பட்டால், நோன்பை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் கூடாது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல்

இக்குறைபாடு பிள்ளைப் பருவத்தோடு எல்லோருக்கும் முடிந்துவிடுவதில்லை. வளர்ந்த பின்னர் கண்டறியப்பட்டு மருந்து உண்ணும் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் "பசித்தாயா?" என்று கேட்க ஆளில்லை. குடும்பத்தார் அனைவருக்கும் பரிமாறிவிட்டுத் தான் உண்ண மறந்துபோகும் இல்லத்தரசிக்கு, பசியும் தோன்றாவிட்டால் நிலைமை என்னவாகும்? இத்தகையோர் பசியை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். தொழுகை நேரங்களோடு உணவை இணைத்துக்கொள்வது எளிய வழி: லுஹர் தொழுததும் ஒரு வாய், அஸர் தொழுததும் ஒரு வாய் என்று பழகிக்கொள்ளலாம்.

வளரும் பெண்பிள்ளைகளின் தாய்மார்களுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. பசி குறைந்து உடல் மெலிவதை நன்மையாகக் கருதி, வேண்டுமென்றே உண்ணாமல் இருக்கும் பெண்கள் உண்டு. மாதவிடாய் தவறினாலோ, உண்பதை மறைத்தாலோ, அடிக்கடி கண்ணாடிமுன் நின்று "பருத்துவிட்டேன்" என்று சொன்னாலோ உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மருத்துவர் கையில் உள்ள வழிகள்

உணவு முறையை மாற்றியும் எடை இறங்கிக்கொண்டே போனால், மருத்துவரிடம் வேறு வழிகள் உள்ளன. அளவைக் குறைக்கலாம், மாத்திரையின் வகையை மாற்றலாம், பள்ளி விடுமுறையில் சில நாள் இடைவெளி விடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். குடற்புழு, இரத்தசோகை போன்ற வேறு காரணங்கள் உள்ளனவா என்றும் பார்ப்பார். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும். விடுமுறை இடைவெளி ஊக்கி வகைக்கே பொருந்தும். ஆட்டமாக்ஸெடினை அப்படி விட்டுவிட்டு உண்டால் பலன் கிடைக்காது. குளோனிடின் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறிவிடும். ஆகவே இடைவெளியை நாமாக முடிவு செய்யக் கூடாது.

மருந்துக் கடையில் "பசி டானிக்" கேட்டு வாங்குவதும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் சிப்ரோஹெப்டடின் என்னும் மருந்து உள்ளது. அது தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும். காலையில் கவனத்துக்கு ஒரு மருந்தும், கவனத்தை மழுங்கடிக்க மற்றொன்றும் என்றால் பிள்ளை என்ன ஆவான்? நீண்ட நேர மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ கொடுப்பதும் தவறு. வளைகுடா நாடுகளில் உள்ள வாப்பாவிடம் பிள்ளையை அழைத்துச் செல்வோர், இவ்வகை மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதை நினைவில் வைத்து, பயணத்துக்கு முன்பே மருத்துவரின் சீட்டும் அந்நாட்டின் அனுமதியும் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மயக்கம், நெஞ்சுவலி, ஓயாத வாந்தி, அளவு கடந்த சோர்வு அல்லது துயரம் ஆகியவை கண்டால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளைக்குக் கவனமும் வேண்டும், வளர்ச்சியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்க வேண்டிய வணிகம் அன்று இது. மாத்திரைக்கு முன் ஒரு நிறைவான காலை உணவு, இரவில் மூடாத ஓர் அடுப்படி, மாதந்தோறும் எழுதப்படும் ஒரு நோட்டு, எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் பேசும் துணிவு ஆகிய இந்நான்கும் உங்களிடம் இருந்தால், அப்பிள்ளை படிப்பிலும் உயர்வான். இன்ஷா அல்லாஹ், உடலிலும் உயர்வான்.